டர்போ ஹேட்ச்பேக் சென்னையில் உண்மையாக எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும்?

மேடவாக்கத்தில் வீடு, சிறுசேரி சிப்காட்டில் அலுவலகம், மாதம் ஒருமுறை விழுப்புரத்தில் இருக்கும் பெற்றோரைப் பார்த்துவிட்டு வரும் பயணம் என்று எழுதியிருக்கிறீர்கள். வாங்க நினைப்பது 120 பிஎஸ் (குதிரைத்திறன்) உள்ள 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக். ஷோரூமில் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் என்கிறார்கள்; அதே காரை வைத்திருக்கும் அலுவலக நண்பர் ஒருவர் 9 என்று அலுத்துக்கொள்கிறார்; இன்னொருவர் 17க்குக் குறைந்ததே இல்லை என்று சத்தியம் செய்கிறார்; இவர்களில் யார் சொல்வது பொய் என்று கேட்டிருக்கிறீர்கள். மூவர் சொல்வதும் உண்மையாக இருக்க முடியும். அந்த இரு நண்பர்களிடமும் மைலேஜைக் கேட்ட நீங்கள், டாஷ்போர்டுத் திரையில் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சராசரி வேகத்தையும் கேட்டிருந்தால் குழப்பம் அப்போதே தீர்ந்திருக்கும். 9 என்பவருடைய திரையில் மணிக்கு 13 அல்லது 14 என்றும், 17 என்பவருடைய திரையில் 40க்கு மேலும் இருக்கும் என்று பார்க்காமலேயே சொல்லிவிடலாம்.

நான் ஐந்து ஆண்டுகளாக ஓட்டுவதும் இதே வகைக் கார்தான்: மூன்று சிலிண்டர், டர்போ, நேரடி எரிபொருள் செலுத்தும் முறை, தானாகவே கியர் மாற்றும் 7 வேக இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு முறை பெட்ரோல் நிரப்பும்போதும் ஒரு சிறு டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். ரசீதுகளைச் சேர்த்து வைத்துக் கணக்குப் பார்க்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கிளவ் பாக்ஸில் ஒரு கோடைகாலம் கிடந்தால் அந்த வழவழப்பான தாளில் எழுத்தே மிஞ்சுவதில்லை என்று தெரிந்த பிறகு டைரிக்கு மாறினேன். தேதி, ஓடோமீட்டர் எண், நிரப்பிய லிட்டர், திரை காட்டிய மைலேஜ், திரை காட்டிய சராசரி வேகம் என ஐந்து எண்கள் போதும். எப்போதும் ஒரே பங்க், முடிந்தவரை ஒரே பம்ப், நாசில் முதல் முறை தானாக நின்றதும் நிறுத்திவிட வேண்டும். "ரவுண்டு பண்ணிடவா சார்?" என்று கேட்பார்கள்; வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த முக்கால் லிட்டர் அடுத்த முறை உங்கள் கணக்கைப் புரட்டிப் போடும். என் காரில் திரை காட்டும் எண், டேங்க் கணக்கைவிட எப்போதும் 5 முதல் 8 சதவீதம் வரை தாராளமாகவே இருக்கிறது. நண்பர்கள் சொல்லும் மைலேஜைக் கேட்கும்போது அது திரையிலிருந்து வந்ததா, டேங்க் கணக்கிலிருந்து வந்ததா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஷோரூம் சொல்லும் 20 எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். 2021இல் ஹூண்டாய் ஐ20 என் லைன் வந்தபோது அதன் இரட்டை கிளட்ச் மாடலுக்கு இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கமான ஏ.ஆர்.ஏ.ஐ. தந்த சான்று லிட்டருக்கு 20.25 கிலோமீட்டர். அடுத்த ஆண்டு வந்த ஃபோக்ஸ்வேகன் வெர்டஸ் 1.5 டிஎஸ்ஐக்கு, 150 பிஎஸ் திறன் இருந்தும், 18.67. மாருதி ஃப்ராங்க்ஸ் 1.0 பூஸ்டர்ஜெட் மேனுவலுக்கு 21.5. பத்தாண்டுகளுக்கு முன் இளைஞர்கள் ஏங்கிய போலோ ஜிடி டிஎஸ்ஐக்கு 17.2. இவை எல்லாம் ஆய்வுக்கூடத்தில், உருளைகள் மேல் சக்கரங்களைச் சுழலவிட்டு, 20 நிமிடத்துக்குள் முடிந்துவிடும் ஒரு நிர்ணயித்த ஓட்டத்தில் எடுத்த அளவுகள். அந்த ஓட்டத்தில் அதிகபட்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். ஏசி அணைந்திருக்கும். நகரப் பகுதியைப் போலச் செய்யும் கட்டத்தில் நின்ற நிலையிலிருந்து 50 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 26 வினாடிகள் எடுத்துக்கொள்வார்கள். சோழிங்கநல்லூர் சிக்னலில் அப்படிப் புறப்பட்டீர்களானால் பின்னால் வரும் மாநகரப் பேருந்தே ஹாரன் அடித்து முந்திச் சென்றுவிடும். இதில் மோசடி எதுவும் இல்லை. எல்லாக் கார்களையும் ஒரே தேர்வு எழுதவைத்து ஒப்பிடுவதற்கான ஏற்பாடு அது. ஆனால் அந்தத் தேர்வின் வினாத்தாள் டர்போ இன்ஜினுக்குக் கொஞ்சம் சாதகமாக அமைந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஏனென்றால், சிறிய டர்போ இன்ஜின் என்பது ஒரே கூட்டுக்குள் இருக்கும் இரண்டு இன்ஜின்கள். மெதுவாக, சீராகப் போகும்போது டர்போவுக்கு வேலையே இல்லை. அப்போது அது வெறும் 1.0 லிட்டர் இன்ஜின். உராய்வு குறைவு, காற்றை உறிஞ்சுவதற்கு வீணாகும் ஆற்றலும் குறைவு, அதனால் சிக்கனமாக ஓடுகிறது. ஆய்வுக்கூட ஓட்டம் முழுவதையும் ஏறத்தாழ இந்த நிலையிலேயே கடந்துவிடலாம். ஆக்சிலரேட்டரைச் சற்று ஆழமாக மிதித்ததும் இரண்டாவது இன்ஜின் விழித்துக்கொள்கிறது. புகைப்போக்கி வழியே வெளியேறும் சூடான வாயு டர்போவைச் சுழற்ற, டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ள, வந்த காற்றுக்கு ஈடாகப் பெட்ரோலும் கூடுதலாகப் பாய்கிறது. ஐ20 என் லைனில் 172 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை (சக்கரத்தைச் சுழற்றும் விசை) நிமிடத்துக்கு 1,500 சுழற்சியிலேயே முழுதாகக் கிடைத்துவிடும். இந்தக் காரை ஓட்டுவதன் இன்பமும் அதன் செலவும் அங்கேதான் இருக்கின்றன. பழைய கார்களில் இன்ஜின் அலறினால் பெட்ரோல் குடிக்கிறது என்று காது சொல்லிவிடும், இதிலோ ஓசையே எழாமல் குடித்துவிடுகிறது.

அழுத்தம் ஏறும்போது இன்னொன்றும் நடக்கிறது. சிலிண்டருக்குள் வெப்பம் கூடிக் கலவை தானாகவே பற்றிக்கொள்ளும் அபாயம் வரும்போது, காரின் கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்துகிறது. அதனால் அதே பெட்ரோலிலிருந்து கிடைக்கும் விசை குறைகிறது. மிதி இன்னும் ஆழமானால் டர்போவையும் புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி மாற்றியையும் அதிவெப்பத்திலிருந்து காக்க, எரிவதற்குத் தேவையானதைவிட அதிகமான பெட்ரோலைக் குளிர்விப்பானாகப் பயன்படுத்துகிறார்கள். சுத்தமான பெட்ரோல் முழுமையாக எரிய, எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். முழு மிதியில் இது 12ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது. அந்த உபரி, உந்துதலுக்கு எதுவும் செய்யாமல் புகைப்போக்கி வழியே போய்விடும். தானாகப் பற்றிக்கொள்வதைத் தடுக்கவே டர்போ இன்ஜின்களில் அமுக்க விகிதத்தையும் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்ற எண்ணையும்) பத்தை ஒட்டிக் குறைவாக வைப்பது வழக்கம். டர்போ இல்லாத மாருதியின் 1.2 லிட்டர் டூயல்ஜெட்டில் அது 12. இந்த எண் கூடினால் அதே பெட்ரோலிலிருந்து கூடுதல் வேலை கிடைக்கும். ஆகவே ஒரே நெரிசலில் இரண்டையும் ஓட்டினால், சான்றிதழ் எண்ணிலிருந்து டர்போ கார் விழும் உயரம்தான் அதிகம்.

இனி சென்னைக்கு வருவோம். நம் ஊரின் கணக்கு பெரும்பாலும் இரண்டு செலவுகளால் ஆனது: நிற்பதற்கான செலவு, மீண்டும் கிளம்புவதற்கான செலவு. ஏறத்தாழ 1,200 கிலோ எடையுள்ள ஒரு காரை நின்ற நிலையிலிருந்து 60 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோக, இன்ஜினில் வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால், 20 மில்லியைச் சற்றுத் தாண்டிய பெட்ரோல் செலவாகும். இருமல் மருந்துப் புட்டியின் மூடியால் இரண்டு மூடி அளவு. அடுத்த சிக்னலில் பிரேக் பிடித்ததும் அந்த இரண்டு மூடியும் பிரேக் தட்டில் வெப்பமாகிக் காற்றில் கலந்துவிடும். 60க்குப் பதிலாக 40 வரைதான் போனீர்கள் என்றால், ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், செலவு ஒரு மூடிக்கும் குறைவு. துரைப்பாக்கத்துக்கும் நாவலூருக்கும் இடையே, மெட்ரோ பணிக்காகத் தடுப்பு வைத்த சாலையில் முந்நூறு மீட்டர் இடைவெளி கிடைத்ததும் பாய்ந்து போய், முன்னே நிற்கும் தண்ணீர் லாரியின் பின்னால் சடாரென்று நிற்பவர், ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஒரு மூடி கூடுதலாகக் கொட்டிக்கொண்டே போகிறார். அந்தப் பாய்ச்சல் எவ்வளவு இனிமையானது என்று எனக்கும் தெரியும். அந்தத் தவற்றை நானும் நிறையச் செய்திருக்கிறேன்.

நிற்கும் செலவு இன்னும் கசப்பானது. ஏசியோடு நின்றுகொண்டு ஓடும் இன்ஜின் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கத்திரி வெயிலில் அந்த அளவைத் தொடுவது சகஜம். உங்கள் அலுவலகத்துக்கு 20 கிலோமீட்டர். நகரும் நேரத்தில் மட்டும் கார் லிட்டருக்கு 15 தருகிறது என்றால், நகர்வதற்கு 1.33 லிட்டர். காலை ஏழு மணிக்குக் கிளம்பி 40 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தால், அதில் 10 நிமிடம் நின்றிருந்தாலும் மொத்தம் ஒன்றரை லிட்டர்தான், மைலேஜ் 13.3. ஒன்பது மணிக்குக் கிளம்பி 80 நிமிடம் எடுத்து, அதில் பாதி நேரம் நின்றே கழிந்தால் மொத்தம் இரண்டு லிட்டர், மைலேஜ் 10. காரும் சாலையும் காலும் அதேதான், கடிகாரம் மட்டும் மாறியிருக்கிறது. நெரிசலில் நின்று நின்று கிளம்பும் எண்ணிக்கையும் கூடும் என்பதால் உண்மை நிலை இதைவிடக் கொஞ்சம் மோசமாகவே இருக்கும். சிக்னலில் இன்ஜினைத் தானாக நிறுத்தும் வசதி உதவுமா என்று கேட்டால், டிசம்பரிலும் ஜனவரியிலும் உதவும். மே மாதத்தில் காருக்குள் சூடேறியதும் ஏசிக்காக இன்ஜின் மறுபடி உயிர்பெற்றுவிடுகிறது.

என் டைரியில் இது தெளிவாகவே தெரிகிறது. சராசரி வேகம் மணிக்கு 14 முதல் 16 வரை இருந்த டேங்குகள் 9.5க்கும் 10.5க்கும் இடையே விழுந்திருக்கின்றன. 20ஐத் தாண்டிய வாரங்களில் 12. பள்ளிக் கோடை விடுமுறையில் சாலை காலியாகி 28, 30 என்று போனபோது, வெயில் உச்சத்தில் இருந்தும், 14 வரை வந்திருக்கிறது. ஓட்டும் பாணியை மாற்றி நான் பிடித்த மிச்சம் ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை கிலோமீட்டர்தான். கிளம்பும் நேரத்தை மாற்றிப் பிடித்தது மூன்று. சிக்கனமாக ஓட்டுவது பற்றிய அறிவுரைகளை எல்லாம் படித்துவிட்டு ஏழு மணிக்கு எழுந்திருக்காதவர்களுக்கு இது உவப்பான செய்தி அல்ல.

ஒரு பழக்கத்தை மட்டும் குறிப்பிட வேண்டும். கத்திப்பாரா மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது கியரை நியூட்ரலில் போட்டு உருட்டினால் பெட்ரோல் மிச்சம் என்று பலர் நம்புகிறார்கள். கார்புரேட்டர் காலத்தில் அது சரியாக இருந்திருக்கலாம். இப்போது கியரில் இருந்தபடியே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரங்களே இன்ஜினைச் சுழற்றுவதால் பெட்ரோல் செலுத்துவது அறவே நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருப்பதற்காகப் பெட்ரோல் குடித்துக்கொண்டிருக்கும். பிரேக்குக்கும் இன்ஜினின் துணை இராது. அதற்கு நேர் எதிரான இன்னொரு பழக்கம், சிக்கனம் என்று நினைத்து மேனுவல் காரை நான்காம் கியரில் 1,100 சுழற்சிக்கு இறக்கிவிட்டு அங்கிருந்து ஆழமாக மிதிப்பது. நேரடி எரிபொருள் செலுத்தும் டர்போ இன்ஜினில் குறைந்த சுழற்சியும் அதிகச் சுமையும் சேர்வது, தீப்பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளத் தூண்டும் நிலை, பிஸ்டனையே உடைக்கக்கூடியது. ஒரு கியர் குறைத்துக்கொண்டு மென்மையாக மிதியுங்கள். இதைக் கருத்தில் கொண்டே 2020இல் வந்த ஏபிஐ எஸ்பி (API SP) தர இன்ஜின் ஆயிலை உருவாக்கினார்கள் என்பதால், ஆயில் மாற்றும்போது டப்பாவில் அந்த எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விழுப்புரம் பயணத்தில் கதை வேறு. பெருங்களத்தூரும் கூடுவாஞ்சேரியும் கடந்து, பரனூர் சுங்கச்சாவடிக்குப் பிறகு சாலை திறந்துகொண்டதும், உங்கள் 120 பிஎஸ் கார் மணிக்கு 80 கிலோமீட்டரில் சீராக ஓட உண்மையில் தேவைப்படுவது பத்துப் பன்னிரண்டு குதிரைத்திறன் மட்டுமே. மிச்சமெல்லாம் தூங்கிக்கொண்டிருக்கும். 17 என்று சத்தியம் செய்த நண்பர் அநேகமாக இந்த நிலையில்தான் நிறைய ஓட்டுகிறார். வேகத்தை 120க்கு ஏற்றினால் காற்றின் எதிர்ப்பு இரண்டே கால் மடங்காகிறது. ஒரு கிலோமீட்டருக்குச் செலவாகும் ஆற்றல் ஒன்றேமுக்கால் மடங்கை நெருங்குகிறது. என் டைரியில் ஏசியோடு 85, 90 என்று நிதானமாகப் போன பயணங்கள் 18க்கும் 19க்கும் இடையே நிற்கின்றன. திண்டிவனத்தில் காபி குடித்த நேரத்தை ஈடுகட்ட 110க்கு மேல் விரட்டிய பயணங்கள் 14க்கு இறங்கியிருக்கின்றன. அதே லாரியைத் திரும்பத் திரும்ப முந்தி முந்திப் போகும் பயணமும் சீராகப் போகும் பயணமும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெர்டஸின் 1.5 லிட்டர் இன்ஜினில் சுமை குறைந்தபோது நான்கில் இரண்டு சிலிண்டர்களை உறங்கவைக்கும் ஏற்பாடு இருக்கிறது. நெடுஞ்சாலையே அதற்கு ஏற்ற களம். ஆகவே பெரிய இன்ஜின் நெடுஞ்சாலையில் சிறிய இன்ஜினுக்குச் சமமாக வந்து நிற்பதைப் பார்த்து வியக்க வேண்டாம்.

பெட்ரோலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2030க்கு என்று வைத்திருந்த 20 சதவீத எத்தனால் கலப்பு இலக்கை 2025க்கு முன்னுக்குக் கொண்டுவந்து எட்டிவிட்டார்கள். பங்கில் இப்போது கிடைப்பது இ20தான். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது என்றால், எத்தனாலில் 21தான். கலந்து பார்த்தால் லிட்டருக்கு 7 சதவீதம் ஆற்றல் குறைகிறது. இது இயற்பியல், அதை மறுக்க முடியாது. ஆனால் எத்தனாலின் ஆக்டேன் எண், அதாவது தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் திறன், உயர்ந்தது; ஆவியாகும்போது அது உள்ளே வரும் காற்றையும் நன்றாகக் குளிர்விக்கிறது. தீப்பொறியைத் தாமதப்படுத்த வேண்டிய கட்டாயம் குறைவதால், இ20க்கு ஏற்ப அமைத்த டர்போ இன்ஜின் இழப்பின் ஒரு பகுதியைத் திரும்பப் பெற முடிகிறது. பழைய கார்களுக்கு அந்தச் சலுகை குறைவு. நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட திட்ட அறிக்கையே, எத்தனாலில்லாப் பெட்ரோலுக்கு வடிவமைத்து 10 சதவீதக் கலப்புக்கு ஏற்ப அமைத்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையும் என்று மதிப்பிட்டிருக்கிறது. பழைய போலோ ஜிடி ஒன்றை இரண்டாம் கையாக வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் இதை நினைவில் வையுங்கள். ஆக்டேன் 100 என்று வரும் விலை உயர்ந்த பெட்ரோலைப் போட்டால் மைலேஜ் கூடுமா என்ற கேள்விக்குப் பதில் சுருக்கமானது: விலை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, அதை ஈடுகட்ட மைலேஜும் ஒன்றரை மடங்காக வேண்டும், அது நடக்காது.

கியர்பாக்ஸைப் பொறுத்தவரை, சான்றிதழில் மேனுவலும் இரட்டை கிளட்ச்சும் ஏறத்தாழச் சமம். நெரிசலில் ஊர்ந்து போகும்போது இரட்டை கிளட்ச் பெட்டியின் தட்டுகள் அரைகுறையாக உரசிக்கொண்டே இருக்கும். உங்கள் இடது கால் செய்யும் அரை கிளட்ச் வேலையை அது செய்கிறது, அவ்வளவுதான். முன்னால் பத்தடி இடைவெளி விழும்வரை பிரேக்கில் நின்று, பிறகு ஒரே நகர்வாக நகர்ந்தால் கிளட்ச்சுக்கும் நல்லது, மைலேஜுக்கும் நல்லது. நடுவில் ஒரு ஆட்டோ நுழைந்துவிடும் என்பது வேறு விஷயம். ஸ்போர்ட் மோடை நகரத்தில் தொடாதீர்கள். அது காருக்குப் புதிதாக எந்த ஆற்றலையும் தருவதில்லை. கியரை ஏற்றாமல் பிடித்து வைத்துக்கொண்டு, லேசான மிதியையே ஆழமான மிதியாக எடுத்துக்கொள்கிறது. கணினி மென்பொருளை மாற்றி எழுதி ஆற்றலையும் மைலேஜையும் ஒருசேரக் கூட்டித் தருகிறோம் என்று சொல்லும் கடைகளை நான் நம்புவதில்லை. ஆற்றல் கூடுவது உண்மை. அதைக் கொடுத்துவிட்டுக் காலை அடக்கி ஓட்டச் சொன்னால் யார் கேட்பார்?

மைலேஜ் திடீரென்று விழுந்தால் பெட்ரோலையோ பங்கையோ உடனே குற்றம் சொல்ல வேண்டாம் என்பதற்கு என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்தில், முழங்கால் அளவுத் தண்ணீர் தேங்கிய பள்ளிக்கரணைச் சாலையில் சில நாள்கள் ஓட்ட நேர்ந்தது. தை பிறந்து சாலை காய்ந்த பிறகும், அதே நேரம் அதே வழி என்றிருந்தும், 10.5 வர வேண்டிய இடத்தில் 9 வந்தது. வழக்கமாக விடும் சர்வீஸ் மையத்தில் பிளக் மாற்றினார்கள், ஏர் ஃபில்டர் மாற்றினார்கள், எத்தனால் பெட்ரோல் அப்படித்தான் என்று சொல்லிப் பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள். சராசரி வேகம் அதே 15 ஆக இருக்கையில் மைலேஜ் மட்டும் விழுந்திருப்பதை டைரியில் பார்த்த பிறகுதான், போக்குவரத்தின் மேல் பழி போட முடியாது என்று உறைத்தது. ஒரு மாலை வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். மூன்றில் வெதுவெதுப்பு, பின்பக்க இடது சக்கரத்தில் தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் கை வைத்தது போன்ற சூடு. பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் ஊசி துருப்பிடித்து இறுகி, பிரேக் சதா உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. தெருமுனை மெக்கானிக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்ததும் அடுத்த டேங்கிலேயே 10.5 திரும்பியது. சராசரி வேகத்தையும் எழுதி வைக்கச் சொல்வது இதற்காகவும்தான்.

டயரைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. இந்த வகைக் கார் வாங்கும் பலர் முதல் வாரத்திலேயே அகலமான டயரும் பெரிய அலாய் வீலும் மாட்டிக்கொள்கிறார்கள். சக்கரம் கனமானால் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் சுழற்ற வேண்டிய எடை கூடுகிறது. டயர் அகலமானால் உருளும் எதிர்ப்பும் கூடுவது வழக்கம். வெளிவட்டம் மாறினால் ஓடோமீட்டரே தவறாகி உங்கள் டைரியும் பொய் சொல்லத் தொடங்கும். காற்றை மட்டும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, காலையில் டயர் ஆறியிருக்கும்போது, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்குப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் மாதக் கணக்கைப் போடுவோம். அலுவலகத்துக்கு நாளுக்கு 40 கிலோமீட்டர் வீதம் 22 நாள்களுக்கு 880 கிலோமீட்டர். நெரிசல் நேரம் என்று எடுத்துக்கொண்டால் 10 வீதம் 88 லிட்டர். விழுப்புரம் போய்வர 320 கிலோமீட்டர். 16 வீதம் 20 லிட்டர். 10ஐயும் 16ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து 13 என்று சொல்லிவிடத் தோன்றும், அது தவறு. மொத்தம் 1,200 கிலோமீட்டருக்கு 108 லிட்டர், ஆகவே 11.1. மாதத்தின் பெரும்பகுதி பெட்ரோலை அந்த மோசமான பாதைதான் குடிக்கிறது என்பதால் சராசரி எப்போதும் அதன் பக்கமே சாயும். இதே வழியில் டர்போ இல்லாத 1.2 லிட்டர் ஹேட்ச்பேக் நகரத்தில் 13, நெடுஞ்சாலையில் 18 தரும் என்று வைத்தால் 86 லிட்டருக்குள் முடிந்துவிடும். லிட்டருக்கு நூறு ரூபாய் என்று கொண்டால் வித்தியாசம் மாதம் 2,200 ரூபாய். பரனூர் தாண்டியதும் ஒரு முறை மிதித்தால் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ளும் அந்த உணர்வுக்கு மாதம் 2,200 தரலாமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நான் ஐந்து ஆண்டுகளாகத் தந்துகொண்டிருக்கிறேன், வருந்தவில்லை. ஆனால் வீட்டில் மைலேஜ் 20 என்று சொல்லி ஒப்புதல் வாங்கியிருந்தால் முதல் மாத முடிவில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

முன்பணம் கட்டும் முன் ஒன்று செய்யுங்கள். டெஸ்ட் டிரைவுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஈசிஆரில் ஓட்டிக் காட்டுவதாகச் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாமல், வேலைநாள் காலை எட்டரை மணிக்கு மேடவாக்கம் கூட்டுச் சாலையிலிருந்து கிளம்ப வேண்டும் என்று கேளுங்கள். வண்டி சூடேறிய பிறகு டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, ஏசியை நீங்கள் வழக்கமாக வைக்கும் அளவில் வைத்து, அலுவலக வழியில் பத்துக் கிலோமீட்டராவது ஓட்டி, திரையில் வரும் இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். மைலேஜ் எண்ணிலிருந்து ஏழு சதவீதம் கழித்துவிடுங்கள். விற்பனையாளர் பக்கத்து இருக்கையிலிருந்து "புது வண்டி சார், ரெண்டு சர்வீஸ் முடிஞ்சா ஏறிடும்" என்பார். கொஞ்சம் ஏறும், அரை கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.